‘க’வில் தொடங்கும் பறவைகள்: பெங்களூரில் உங்கள் சொந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூர் பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கும் பூங்காவுக்கும் கூட்டிப்போய், ஒரே எழுத்தில் தொடங்கும் பறவைகளைத் தேடிப் பட்டியல் போட வைக்கிறேன். நாலு வருடமாகிறது. பள்ளியில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டுமே இருக்கிறது. கண்ணெதிரே பறக்கிற ஒன்றுக்குத் தமிழில் ஒரு பெயர் தெரிந்தால் அது மறக்காது என்பதற்காகத்தான் இதைத் தொடங்கினேன். பிறகு பெற்றோர்கள், வேறு வட்டாரத்து நண்பர்கள் என்று பலர் தாங்களே செய்து பார்த்தார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

பெரிய தடுக்கல், வரிசையைத் தலைகீழாகச் செய்வது. முதலில் இணையத்தில் ‘க’ பறவைகள் என்று தேடிப் பெயர்களை எடுத்துவிட்டு, அப்புறம் அவற்றை வெளியே போய்த் தேடுவார்கள். அது வேலைக்கு ஆகாது. முதலில் பறவை, அதற்குப் பிறகு பெயர், கடைசியில்தான் எழுத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டும் பென்சிலும் முதலில். பேனா வேண்டாம், காலைப் பனியிலும் இந்த ஊர்த் தூறலிலும் மை கலைந்துவிடும், அரைப் பக்கக் குறிப்பு வீணாகும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று குறித்திருப்பதைக் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு அதிகமானால் நல்லது என்று நினைத்து 20 மடங்கு போட்டதை வாங்கி வருவார்கள், கை நடுங்குகிற நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும், பறவை கண்ணில் நிற்காது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 8×32 போதும், எடை குறைவு, கழுத்து வலிக்காது.

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைப் போனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், கோப்பு பெரியது, ஏரிக்கரையில் நின்றுகொண்டு இறக்க முடியாது.

இன்னொன்று, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கிராமத்தில் வளர்ந்த ஒரு பெரியவர். இதை நான் தேவைப்படும் பொருட்களோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் ஏழாவது படியில் தெரியும்.

2. எந்த எழுத்து என்பதை யோசித்து எடுங்கள்

புதியவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வார்கள். லாவண்யா ‘ல’ எடுப்பாள், ரமேஷ் ‘ர’ எடுப்பான், இரண்டு வாரத்தில் ஆர்வம் போய்விடும். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ழ, ள, ற, ன இவற்றில் தமிழ்ப் பறவைப் பெயர் தேடினால் கிடைக்காது. ர, ல இரண்டும் மரபுப்படி முன்னால் ஓர் உயிரெழுத்தைக் கூட்டிக்கொள்ளும், அதனால்தான் ராஜாளி என்று நாம் சொல்வது புத்தகத்தில் இராசாளி என்று ‘இ’க்குப் போய்விடுகிறது.

நிறையக் கிடைக்கும் எழுத்துகள் க, ச, த, ப, ம, வ. முதல் முறை என்றால் ‘க’வையே எடுங்கள். காகம், கிளி, குயில், கொக்கு என்று நாலு பெயர் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், அந்தத் தைரியம் முக்கியம்.

‘க’ என்றால் வெறும் ‘க’ மட்டுமா, கா கி கீ கு கூ என்று முழு வரிசையுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நாங்கள் முழு வரிசையை எடுத்தோம். வெறும் ‘க’ என்றால் பட்டியல் ஏழெட்டோடு நின்றுவிடும், அதுவும் பாதிப் பறவைகள் ஊருக்கு வெளியே போனால்தான் கிடைக்கும்.

பெங்களூரில் மட்டும் வருகிற ஒரு சிக்கல் இருக்கிறது. கன்னடத்தில் காகத்தின் முதல் எழுத்தும் கிளியின் முதல் எழுத்தும் வேறு வேறு. கிளியை அவர்கள் சொல்லும்போது ‘கங்கை’யின் முதலில் வருகிற மெல்லிய ஒலிதான் வரும், ஆந்தையைக் ‘கூபெ’ என்பதும் அதே ஒலிதான். கன்னடம் படிக்கிற பிள்ளை, ‘கருடன்’ என்று நாம் மெல்லிய ஒலியோடு சொல்வதைக் கேட்டுவிட்டு, இது ‘காகம்’ இருக்கிற எழுத்தில் வராதே என்று நிற்கும். அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி. தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து, நாம் சேர்ப்பது எழுத்தை வைத்து, ஒலியை வைத்து இல்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

3. விதிகளை முதலில் எழுதுங்கள், பறவைகளை அப்புறம்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் நடுவழியில் சண்டையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். எழுத்து வரிசைப் பட்டியலில் எல்லாக் குழப்பமும் அடைமொழியில்தான் இருக்கிறது.

கருந்தலை மாங்குயில் என்று ஒரு பறவை. ‘க’வில் தொடங்குகிறதே என்று சேர்த்துவிடத் தோன்றும். கரு, கருந்தலை, கருங்கழுத்து என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் உங்களிடம் இருப்பது உடம்பில் எங்கேயோ கருப்பு உள்ள பறவைகளின் பட்டியல், ‘க’ பறவைகளின் பட்டியல் இல்லை. அதே நேரம் செம்பருந்தில் ‘செம்’மை வெட்டிவிட்டுப் பருந்து என்று ‘ப’வில் போடவும் முடியாது.

சொல்லுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். தமிழில் அது உதவாது. குருட்டுக்கொக்கு என்று ஒரு புத்தகம் சேர்த்து எழுதும், இன்னொன்று பிரித்து எழுதும்.

நாங்கள் வைத்திருக்கும் சோதனை இது. அடைமொழியை விட்டுவிட்டு மீதிப் பெயரை மட்டும், அந்த இடத்தில் நிற்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் அதே பறவையைப் பார்த்தால் அடைமொழியை விட்டுவிடலாம். வேறு பறவையைப் பார்த்தால் அது அடைமொழி இல்லை, பெயரின் பகுதி.

பூங்காவில் சாம்பல் கதிர்க்குருவியைக் காட்டி ‘கதிர்க்குருவி’ என்றால் அதையேதான் பார்ப்பார், ஆகவே அது ‘க’. கருந்தலை மாங்குயிலை ‘மாங்குயில்’ என்றாலும் அதையே பார்ப்பார், ஆகவே அது ‘ம’. ராமநகரம் ராமதேவர் பெட்டாவில் பாறு (பிணந்தின்னிக் கழுகு) சரணாலயம் இருக்கிறது, அங்கே பாறைமுகட்டில் உட்கார்ந்திருக்கும் கருங்கழுத்துப் பாறு அதே சோதனைப்படி ‘ப’. ஆனால் ஏரியில் நீர்க்காகத்தைக் காட்டி ‘காகம்’ என்று சொன்னால் எல்லோரும் மரத்தில் உள்ள காக்கையைப் பார்ப்பார்கள். அதனால் நீர்க்காகம் ‘ந’விலேயே இருக்கும், அதற்கும் காகத்துக்கும் உறவும் கிடையாது. குருட்டுக்கொக்கைக் ‘கொக்கு’ என்றால் கண் வெள்ளைக் கொக்குக்குப் போகும், அதனால் அது தனிப் பெயர், தனி வரி. உண்ணிக்கொக்கு அப்படி இல்லை, கொக்கு என்றாலே போதும், அதைக் கொக்கின் கீழே சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது விதி: ஒரு பறவைக்கு ஒரே தலைப்பெயர். மற்றப் பெயர்கள் அதற்குக் கீழே வரும், எண்ணிக்கையில் சேராது. முதல் வருடம் எங்கள் பட்டியலில் கரும்பருந்தும் கள்ளப்பருந்தும் தனித்தனியாக இருந்தன. இரண்டும் ஒரே பறவை என்று தெரிவதற்குள் ஒரு பையன் இரண்டையும் பார்த்துவிட்டதாகக் குறித்து வைத்திருந்தான், அவனிடம் ஒன்றை எடுக்கச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரி நடக்காமல் இருக்க ஒவ்வொரு வரியிலும் அறிவியல் பெயரையும் எழுதுங்கள். இரண்டு வரியில் மில்வஸ் மைக்ரான்ஸ் என்று வந்தால் உடனே தெரிந்துவிடும்.

அறிவியல் பெயரும் மாறும், அதற்காகப் பயப்பட வேண்டாம். அந்தப் பெயரின் முதல் சொல் பேரினம். கவுதாரியை முன்பு ஃபிராங்கோலினஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது ஆர்டிகார்னிஸ். குக்குறுவான்களைப் பழைய புத்தகங்களில் மெகலைமா என்று பார்ப்பீர்கள், இப்போது சைலோபோகன். பேரினம் மாறினாலும் இரண்டாவது சொல் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

4. இடத்தையும் மாதத்தையும் பொருத்துங்கள்

எல்லாப் பறவையும் எல்லா இடத்திலும் இருக்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் ஒரே பூங்காவுக்கு எட்டு வாரம் போய்விட்டு ‘புதிதாக எதுவும் வரவில்லை’ என்று சொல்பவர்கள் அதிகம்.

மூன்று வகை இடங்கள் போதும். பெரிய மரங்கள் உள்ள ஓர் இடம்: லால்பாக் அல்லது கப்பன் பூங்கா, இரண்டுக்கும் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் உண்டு. குக்குறுவான், குயில், கிளி, கொண்டைக்குருவி, கரும்பருந்து இங்கேயே முடிந்துவிடும். ஓர் ஏரி: ஜக்கூர், ஹெப்பால், அல்சூர் எது பக்கமோ அது. கூழைக்கடா, குருட்டுக்கொக்கு, கானாங்கோழி, கருடன் எல்லாம் ஏரிக்காரர்கள். மூன்றாவதாக ஒரு புல்வெளி அல்லது புதர்க்காடு: ஹெசரகட்டா, துரஹள்ளி மாதிரி. கவுதாரி, காடை, கருஞ்சிட்டு ஆகியவற்றுக்கு ஊருக்குள் வேலை இல்லை, அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

மாதம்: அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே இருக்கும். பழுப்புக் கீச்சானும் சாம்பல் கரிச்சானும் அந்த மாதங்களில்தான் கிடைக்கும், மே மாதத்தில் தேடி ஏமாறாதீர்கள். குயிலுக்கு மார்ச்சிலிருந்து போங்கள், குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

நேரம், விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகிவிடும், அதனால் பிள்ளைகளை ஐந்து மணிக்கு எழுப்பி வதைக்க வேண்டாம். பருந்தும் கருடனும் மட்டும் வேறு கணக்கு. வெயில் ஏறிச் சூடான காற்று மேலே கிளம்பினால்தான் வட்டமடிக்கும், ஒன்பது மணிக்கு மேல் அண்ணாந்து பாருங்கள்.

5. பார்க்கும் இடத்தில் பெயரை எழுதாதீர்கள்

இது புதியவர்களுக்கு ஒப்பாது. ஆனால் பெயரை எழுதிய அந்த நொடியில் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். பெயர் எழுதியாயிற்று, அடுத்த பறவை. பிறகு வீட்டில் படத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் நோட்டில் சரிபார்க்க ஒன்றும் இருக்காது.

அதற்குப் பதில் ஐந்து விஷயங்களை எழுத வேண்டும்: காக்கை, மைனா இவற்றைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, வால் எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது, எங்கே உட்கார்ந்திருந்தது. நிறத்தைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்புதான், நிறத்தை முதலில் எழுதினால் பாதி நோட்டு ‘கருப்பு’ என்று நிறைந்துவிடும்.

மெர்லினில் குரலைப் பதிவு செய்தால் பெயர் சொல்லும். நல்ல உதவி. ஆனாலும் அது சொன்னதை அப்படியே ஏற்காமல், அந்தப் பறவையைக் கண்ணால் தேடக் கிடைத்த துப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் இனங்கள் மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பேசும், தெருச் சத்தம் வேறு கலக்கும். செயலி மட்டும் சொன்ன பெயருக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு காது வரைந்து வைப்போம், கண்ணால் பார்க்கும்வரை அதற்குத் தேதி எழுத மாட்டோம்.

போனில் இருக்கும் குரலைச் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள். தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலைபாயும். நமக்கு ஒரு வரி, அதற்கு ஒரு காலை வீண்.

6. ‘க’ வரிசையில் எல்லோரும் தடுமாறும் பறவைகள்

இங்கே நிதானமாக இருங்கள். பட்டியலில் தப்பாக ஏறுகிற பறவைகளில் முக்கால்வாசி கீழே இருக்கிற இவற்றால்தான்.

கருடனும் கரும்பருந்தும். வளர்ந்த கருடனைத் தவறவிட முடியாது, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மீதி எல்லாம் செங்கல் நிறம். சிக்கல் அதன் குஞ்சு வளர்ந்து பறக்கும் பருவத்தில். இளம் கருடன் முழுக்கப் பழுப்பாக இருக்கும், பார்த்தவுடன் கரும்பருந்து என்று எழுதிவிடுவோம். வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கி, கவட்டை போல இருக்கும். கருடனின் வால் நுனி வட்டமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: திரும்பும்போது கரும்பருந்து வாலை விசிறி போல விரிக்கும், அப்போது கவட்டை மறைந்து நேர்க்கோடாகத் தெரியும். அது நேராக மிதந்து போகும்வரை கண்ணை எடுக்காமல் காத்திருந்து பாருங்கள். இரண்டையுமே ‘கழுகு’ என்று சொல்கிற பழக்கமும் இந்த ஊரில் உண்டு. நகரத்து மேல் வட்டமடிப்பது அநேகமாகப் பருந்துதான், ‘க’ கிடைக்கிறதே என்று கழுகு என எழுதிவிட வேண்டாம்.

கொண்டலாத்தி. ஒரு டிசம்பர் காலை, காய்ந்த புல்தரையில் இது நடந்துகொண்டிருந்தது. உடம்பு மணல் நிறம், இறக்கையில் கருப்பு வெள்ளைப் பட்டை, நீளமாகக் கொஞ்சம் வளைந்த அலகு. நாலு அடி நடக்கும், அலகை மண்ணுக்குள் செருகும், இழுக்கும், இன்னும் நாலு அடி. எங்களுக்கும் அதற்கும் பத்தடிதான் இருக்கும். யாரோ இருமினார்கள், தலையில் மடங்கியிருந்த கொண்டை விசிறியாக விரிந்தது, ஒவ்வொரு இறகின் நுனியிலும் கருப்பு. ‘அக்கா, மரங்கொத்தி!’ என்று ஒரு சிறுமி மெதுவாகக் கத்தினாள். கொண்டை, நீள அலகு இரண்டையும் பார்த்துப் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். அவளிடம் நான் பெயரைச் சொல்லவில்லை, ‘அது எதைக் கொத்துகிறது?’ என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘மரத்தை இல்ல, மண்ணை’ என்றாள். நோட்டில் அதையே எழுதினாள், பெயரை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

குயில். ஆண் பளபளப்பான கருப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு, உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. இரண்டையும் வேறு வேறு பறவை என்று எழுதுவது வழக்கமான தவறு. செம்போத்தைக் குயில் என்று எழுதுவது அதற்கு அடுத்தது. செம்போத்தின் இறக்கை செம்பழுப்பு, பெரும்பாலும் புதருக்குள்ளும் தரையிலும் நடக்கும், குயில் மரத்தை விட்டு இறங்குவது அபூர்வம்.

கரிச்சான். வால் நீளமாக, ஆழமாகப் பிளந்து மீன்வால் போல இருக்கும், இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். வலசைக் காலத்தில் வரும் சாம்பல் கரிச்சானை ‘வெளுத்துப்போன கரிச்சான்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது தனி இனம். கண் சிவப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கருஞ்சிட்டை இதோடு குழப்பாதீர்கள், அது சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, வாலை முதுகுப் பக்கம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு தரையில் தத்தும், வாலடியில் செம்பழுப்பு தெரியும்.

குருட்டுக்கொக்கு. மண் நிறத்தில், கழுத்தை ஒடுக்கிக்கொண்டு ஏரி ஓரத்தில் அசையாமல் நிற்கும், நாம் பக்கத்தில் போகும்வரை அங்கே ஒன்று நிற்பதே தெரியாது. சட்டென்று கிளம்பும்போது இறக்கை முழுக்க வெள்ளை. பறந்ததை மட்டும் பார்த்தவர் வெள்ளைக் கொக்கு என்று எழுதுவார், நின்றதை மட்டும் பார்த்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதுவார். முடிந்தால் இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஆனால் அதற்காகத் துரத்த வேண்டாம், தானே பறக்கும்.

குக்குறுவானைப் பார்ப்பது கஷ்டம், கேட்பது சுலபம். லால்பாக்கில் ‘குட்ரூ, குட்ரூ’ என்று விடாமல் கேட்பது சின்னக் குக்குறுவான், இலையோடு இலையாகப் பச்சை நிறம். ‘டுக், டுக், டுக்’ என்று செம்பு தட்டுகிற மாதிரிக் கேட்பது செம்மார்புக் குக்குறுவான், மொட்டைக் கிளை நுனியில் உட்கார விரும்பும். ஆலமரமோ அரசமரமோ பழுத்திருந்தால் அடியில் கால் மணி நேரம் நில்லுங்கள், இரண்டும் பழத்துக்கு வரும்.

7. பெயரைப் பெரியவர்களிடம் கேளுங்கள், இப்படிக் கேளுங்கள்

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். படத்தைக் காட்டி ‘இது கவுதாரியா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், வயதானவர்கள் பிள்ளைகளின் மனதை நோகடிக்க விரும்ப மாட்டார்கள். ‘இதை உங்க ஊர்ல என்னன்னு சொல்வீங்க பாட்டி?’ என்று கேளுங்கள். பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

படம் மட்டும் போதாது. அவர்கள் பறவையைப் பார்த்தது வயலில், கிணற்றடியில், நடமாட்டத்தோடு. நோட்டில் எழுதிய அந்த ஐந்து விஷயங்களைப் படித்துக் காட்டுங்கள். படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய ஒரு பாட்டி, ‘தண்ணி ஓரமா, வாலைத் தூக்கித் தூக்கி நடக்குது, மூஞ்சியும் மாரும் வெள்ளை, முதுகு கருப்பு’ என்று பேத்தி வாசித்ததும் ‘அட, கானாங்கோழிடி அது’ என்றார்.

வந்த பெயரோடு சொன்னவரின் ஊரையும் எழுதுங்கள். இந்த நகரத்தில் கிருஷ்ணகிரிக்காரர், வேலூர்க்காரர், திருவண்ணாமலைக்காரர், தெற்கத்திக்காரர் எல்லோரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒரே பறவைக்கு மூன்று பெயர் வரும், மூன்றும் சரி. குருட்டுக்கொக்கை மடையான் என்பார்கள், கொண்டைக்குருவியைச் சின்னான் என்பார்கள், கானாங்கோழியைக் கம்புள்கோழி என்பார்கள். தலைப்பெயராக எதை வைப்பது என்றால், உங்கள் கூட்டத்தில் அதிகம் பேர் வாயில் வருவதை வையுங்கள். புத்தகத்தில் செந்தார்ப் பைங்கிளி என்று இருக்கிறது, எவ்வளவு அழகான பெயர், ஆனால் எங்கள் பிள்ளைகளும் பாட்டிகளும் கிளி என்றுதான் சொல்கிறார்கள். தலைப்பில் கிளி, அடுத்த வரியில் செந்தார்ப் பைங்கிளி. மடையான் என்பவர்கள் அதிகம் என்றால் அந்தப் பறவை உங்கள் ‘க’ பட்டியலிலேயே வராது, அதைச் சேர்ப்பதற்காகப் பெயரை மாற்றாதீர்கள்.

8. வரிசைப்படுத்துவதும் தட்டச்சு செய்வதும்

எல்லாம் முடிந்து கணினியில் ஏற்றும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, ‘கௌ’. ‘கெ’ தட்டிவிட்டு ‘ள’ தட்டினாலும் திரையில் பார்க்க ‘கௌ’ மாதிரியேதான் இருக்கும், ஆனால் கணினிக்கு அது ‘கெள’ என்று இரண்டு எழுத்து. பிறகு கௌதாரி என்று தேடினால் கிடைக்காது. நாங்கள் கவுதாரி என்றே எழுதுகிறோம். எந்த எழுத்துக்கூட்டலை எடுக்கிறீர்கள் என்பது வரிசையையும் மாற்றும்: கவுதாரி என்றால் ‘கா’வுக்கு முன்பே வந்துவிடும், கௌதாரி என்றால் பட்டியலின் கடைசிப் பறவை.

இரண்டு, தானாக வரிசைப்படுத்தும் வசதி. சில செயலிகள் எழுத்துகளின் கணினிக் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும். அந்த எண் வரிசையில் ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் இருக்கின்றன, ‘ந’வை அடுத்து ‘ன’ நிற்கிறது. நம் அகரவரிசையில் வ, ழ, ள, ற, ன என்று கடைசியில் வர வேண்டியவை. அதனால் ஒரு முறை கையால் சரிபாருங்கள். பிள்ளைகளிடம் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துத் தரையில் அடுக்கச் சொன்னால், எழுத்து வரிசை பழகிவிடும், அரை மணி நேரமும் நன்றாகப் போகும்.

எங்கள் வரிசை இப்போது இப்படி நிற்கிறது: கதிர்க்குருவி, கரண்டிவாயன், கரிச்சான், கருஞ்சிட்டு, கருடன், கரும்பருந்து, கவுதாரி, காகம், காடை, கானாங்கோழி, கிளி, கீச்சான், குக்குறுவான், குயில், குருட்டுக்கொக்கு, கூகை, கூழைக்கடா, கொக்கு, கொண்டலாத்தி, கொண்டைக்குருவி. இருபது தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்றுப் பெயர், சொன்னவர் ஊர், அறிவியல் பெயர், பார்த்த இடம், தேதி.

9. காலியிடங்களை நிரப்பாதீர்கள்

கெ, கே, கை மூன்றிலும் எங்களிடம் ஒன்றும் இல்லை. இதைப் பார்த்துப் பொறுக்காமல் யாராவது கேசோவரியைக் கொண்டுவந்து போடுவார்கள், கூடவே ‘கி’யில் கிவியும் வரும். ஒன்று ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்துப் பறவை, மற்றது நியூசிலாந்துப் பறவை. படப்புத்தகத்தில் இருக்கட்டும். பெங்களூரில் பார்த்தது என்று தலைப்பு போட்டுவிட்டு அதைச் சேர்த்தால், நோட்டில் தேதியும் இடமும் எழுதுகிற கட்டத்தில் பொய் எழுத வேண்டியிருக்கும்.

பெயர் தெரியும், பார்க்கவில்லை என்றால் வரி இருக்கட்டும், தேதி மட்டும் காலியாக இருக்கட்டும். எங்கள் நோட்டில் கூகைக்கு இன்னும் தேதி இல்லை. கவுதாரிக்கும் மூன்று வருடம் இல்லாமல்தான் இருந்தது, காது மட்டும் வரைந்து வைத்திருந்தோம். போன பிப்ரவரியில் ஹெசரகட்டாவில், புல்லுக்கு நடுவே மாட்டுவண்டித் தடத்தில் இரண்டு குறுக்கே ஓடின, ஒன்று நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத் தேதியை எழுதியவள் இந்த வருடம் ‘ச’ எடுத்திருக்கிறாள்.